இல்லாத ஒருத்தி

செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்கிற ஆள் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பிரேக் மாஸ்டரே அதற்குச் சாட்சி. பழகுகிறவர்கள் கொஞ்சம் தடுமாறினாலும் போதும், பக்கத்து இருக்கையில் இருந்தபடி தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். ஐம்பதை நெருங்கும் வயது, தெருமுனை வரை கேட்கும் குரல், சட்டைப்பையை விட்டு இறங்காத சிகரெட் பாக்கெட்.

அவருக்கு வந்த கஷ்டத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். கட்டிலில் விறைப்பு வரவில்லை. முதல் தடவை அலுப்பு என்று நினைத்தார். அடுத்த தடவை வெயில்மேல் பழியைப் போட்டார். அதற்கடுத்து, இன்றைக்கும் வராதோ என்ற பயம் அவருக்கு முன்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் மனைவி தூங்கும்வரை டிவி முன்னால் தவம் கிடப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார். அவள் தோளில் கை வைத்தால்கூட முதுகு வலி என்று நகர்ந்துகொண்டார். பஸ் நிறுத்தச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை நம்பி ஏதோ மாத்திரை வரவழைத்து விழுங்கியதில் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவளுக்குத் தன் வீட்டுக்காரர் ஒதுங்கிப்போவது கண்ணில் படாமல் போகுமா? கார் பழக வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பது வேறு அவள் நெஞ்சை அரித்தது. போதாக்குறைக்கு அவளுடைய அக்கா போனில் தூபம் போட்டாள். இந்த வயதில் ஆம்பிளை விலகிப்போனால் அதற்கு ஒரே அர்த்தம்தானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"யாரு அவ?"

யாருமில்லை என்று மாஸ்டர் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால், யாருமில்லை என்றால் பின்னே ஏன் என்று அடுத்த கேள்வி வருமே! அதற்குப் பதில் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவருக்கு. அவள் கேட்ட கேள்வியிலாவது அவருக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது. அந்தக் கேள்வியில் அவர் இன்னும் முழு ஆம்பிளையாக இருந்தார். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் புண்ணியவான் வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு. விட்டுடு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. மடித்த துணிகளை அலமாரியில் வைப்பதற்குப் பதிலாகப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை, வெளியூரில் படிக்கும் மகனிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று கடையில் விலை சொல்லுகிற குரலில் சொன்னாள். அப்புறம் அந்த வாரம் முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உடம்பு சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, வாரத்தின் நடுவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தார்.

உள்ளே போனால் டாக்டர் ஒரு பெண். இவரிடம் கார் பழக வருகிற வயது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். வாய்க்கு வந்தபடி முதுகு வலி என்றார். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்து, முதுகு நன்றாக இருக்கிறது, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார். யாரோ ஜலதோஷம் என்று சொன்னதைக் கேட்பதுபோல அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். காலையில் விழிக்கும்போதாவது விறைப்பு இருக்கிறதா? இல்லை. ராத்திரி அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாரா? போகிறார். சிகரெட்? மாஸ்டர் தலையைச் சொறிந்தார். ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல்.

"இதுல ஆம்பளைத்தனம்னு ஒண்ணும் இல்ல சார்" என்றார் டாக்டர். "ரத்தம் போய் நிறைஞ்சாத்தான் விறைப்பு வரும். உங்களுக்குச் சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்திருக்கு. அங்க இருக்கிற குழாய் ரொம்ப சன்னம், அதனால அங்க முதல்ல தெரியுது. இப்படியே விட்டா அடுத்தது நெஞ்சுல தெரியும்."

சிலருக்கு மனக்கவலை மட்டுமே காரணமாக இருக்கும், சிலருக்கு வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகூடக் காரணமாகலாம், இவருக்கு உடம்பில் தொடங்கியதைப் பயம் பெரிதாக்கிவிட்டது என்றார். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மருந்து, தினமும் நடை, சிகரெட்டுக்கு முழுக்கு. இதயத்தைச் சோதித்துப் பார்த்தபின், இதற்கென்று ஒரு மாத்திரை தரலாம். ஆசை இருந்தால்தான் அது வேலை செய்யும், சும்மா விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. நெஞ்சு வலிக்குத் தரும் சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் கேட்காமல் எதையும் வாங்கக்கூடாது. அது சரிப்படாவிட்டால் ஊசி, கருவி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. சுவர் விளம்பர மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். கடைசியாக, அடுத்த தடவை வீட்டம்மாவையும் அழைத்து வரச் சொன்னார்.

மாஸ்டர் பேந்தப் பேந்த விழித்தார். வேறொரு பெண் விஷயமாக மனைவி வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்றார். அந்தப் பெண்ணோடு இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று டாக்டர் பக்குவமாகக் கேட்டார்.

"அப்படி ஒருத்தியே இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மருந்து அப்புறம், முதலில் வீட்டில் இதைச் சொல்லுங்கள் என்றார்.

சொல்வது லேசா? சொல்லலாம் சொல்லலாம் என்று மாஸ்டர் ஞாயிறு வரை கடத்திவிட்டார். பெட்டி வாசலுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தது. ஒருத்தியும் இல்லை என்றார். சர்க்கரை என்றார், ரத்தக் குழாய் என்றார், டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். முதுகு வலி என்று வருஷம் பூரா பொய் சொன்ன வாய் இது. அவள் எப்படி நம்புவாள்?

"நல்லா ஜோடிக்கிறீங்க" என்றாள். "எனக்கு என்ன குறைன்னு தினம் கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்திருக்கேன். அக்கா முன்னாடி கூனிக்குறுகி நின்னிருக்கேன். நீங்க சொல்றது நெஜம்னா, உங்க மானத்தைக் காப்பாத்த என் மானத்தை வித்திருக்கீங்க. அது இன்னும் மோசம்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்தக் கோணத்தில் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவளை அழைத்துப்போகக் காரோடு கிளம்பிவிட்ட அக்கா புருஷன். மாஸ்டருக்குச் சகலை. இரண்டு பேருக்கும் கல்யாணமான நாளிலிருந்து போட்டி. இவர் புதுச் செருப்பு வாங்கினால் அவர் ஷூ வாங்குவார். சீட்டாட்டத்தில் தோற்றதைக்கூட அவரிடம் மாஸ்டர் ஒப்புக்கொண்டது கிடையாது. அந்தச் சகலையிடம் பேச, மனைவி கையிலிருந்த போனை மாஸ்டர் வாங்கினார்.

"சகல, நான்தான். எனக்கு எந்தப் பொம்பளையும் கிடையாது. எனக்கு விறைப்பே வர்றதில்ல. ஒரு வருஷமா முடியல, சுகர். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, ஒருத்தி இருக்கான்னு இவகிட்ட பொய் சொல்லிட்டேன். உங்க வீட்லயும் சொல்லிடுங்க. இவமேல ஒரு குத்தமும் இல்ல."

மாஸ்டருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியிடம் ஆம்பிளை எந்தக் கதையும் விடுவான். ஆனால் சகலையிடம் போய் இதைப் பொய்யாகச் சொல்ல எவனும் பிறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்போதுதான் நம்பினாள். நம்பியதும், வாரம் முழுக்க வராத அழுகை மொத்தமாக வந்தது. அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள்.

"அத்தான், வண்டி வேண்டாம். நாளைக்கு நாங்க டாக்டர்கிட்ட போறோம்."

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியை உள்ள கொண்டு வைங்க. உடம்புக்கு வந்ததுக்கு நான் கூட இருக்கேன். அந்தப் பொய்யை இன்னும் மன்னிக்கல. மன்னிக்கிறப்ப சொல்றேன்."