பிரதி அமைச்சர் தந்த தேநீர்

டை முடிச்சு மறுபடியும் கோணிக்கொண்டது. கிளறன்ஸ் உயிரோடு இருந்த காலத்தில் டை கட்டித் திரிந்தவரல்ல. ஒக்லாந்தின் விரிப் பகுதியில் சாமான் கிடங்கு ஒன்றில் வேலை. மஞ்சள் மேலங்கிதான் அவருக்கு உடுப்பு. பெட்டிக்குள்ளாவது மனுஷன் கோட்டும் டையுமாகக் கிடக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவருடைய மனைவி டோறின். இப்போது பாபகூரா இறுதிச்சடங்கு நிலையத்தின் சின்ன அறையில் நின்றுகொண்டு, அவருடைய சில்லிட்ட கழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கால்மாட்டில் மகள் இவோன் கைபேசியோடு நின்றாள்.

"அம்மா, செல்வரத்தினம் மாமா திரும்பவும் எடுத்தவர். மரண அறிவித்தலை இண்டைக்கே இணையத்தில போடவேணுமாம். எல்லாம் எழுதியாச்சு. அண்ணாட பேரைத்தான் என்னண்டு போடுறதெண்டு தெரியேல்ல."

டோறினின் விரல்கள் நின்றுவிட்டன. எந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு நாட்களாகப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் கிடந்தாளோ, அதே கேள்வி.

எங்கள் சனத்தின் மரண அறிவித்தலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பிள்ளைகள், சகோதரங்கள், மைத்துனர்மார் என்று ஒருவர் விடாமல் பேர் வரும். இருப்பவருக்கு வெறும் பேர். போனவருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல். சுலக்ஷன் இருக்கிறானா, போய்விட்டானா? பத்தொன்பது வயதில் மன்னார்ச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து ஆமி இறக்கி எடுத்தவன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் ஒருவருமில்லை.

"விட்டிடு பிள்ளை," என்றாள் டோறின். "உன்ர பேரை மட்டும் போடு."

"அண்ணா பிறக்கவே இல்லை எண்டோ?"

"மெதுவாக் கதை!"

அறையில் இருந்த மூன்றாம் ஆள் கிளறன்ஸ்தான். அவர் இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. இருந்தும் டோறின் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குத் தாலியோடு சேர்ந்து வந்த சீதனம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

எல்லாம் ஒரு கோப்பைத் தேநீரால் வந்த வினை. அந்த நாட்டில் பாதுகாப்பு மந்திரி என்றால் ஜனாதிபதியேதான்; அவரை எந்தத் தகப்பன் போய்ப் பார்ப்பது? வேலையைச் செய்வது அவருக்குக் கீழே இருக்கும் பிரதி அமைச்சர். ஆகவே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அவருடைய வாசலில்தான் கிடந்தார்கள். கிளறன்ஸும் கொழும்பில் வாரக்கணக்காகக் கிடந்தார். கடைசியில் உள்ளே கூப்பிட்ட பிரதி அமைச்சர், தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சீனி போதுமா என்றும் கேட்டார். "உங்கட மகன் இருக்கிறான். ஆனா அவன்ட பேர் எங்கேயும் வெளியில வரக்கூடாது. வந்தால் என்ர கையில ஒண்டுமில்லை," என்றார்.

அதட்டித் துரத்தியிருந்தால் கிளறன்ஸ் அழுது தீர்த்துவிட்டு ஊர் கூட்டியிருப்பார். அந்த மனிதர் அன்பாகச் சொல்லிவிட்டார். அன்பாகச் சொன்னதை என்ன செய்வது?

அதோடு வீட்டில் வாய்ப்பூட்டு விழுந்தது. பத்திரிகைக்குச் சொல்லவில்லை, வழக்குப் போடவில்லை, காணாமல் போனவர்களின் தாய்மார் படத்தைத் தூக்கிக்கொண்டு வீதியில் நின்றபோது டோறின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தாள். ஒக்லாந்துக்கு வந்த பிறகும் சுவரில் படமில்லை. அவன் ஆன்மாவுக்கென்று ஒரு பூசைகூட இல்லை. இங்குள்ள சனத்துக்கு அவர்கள் ஒரே பெண்பிள்ளை பெற்றவர்கள்.

அந்தப் பிரதி அமைச்சர் பதவி போய் வீட்டில் இருந்தார். அடுத்தவர் வந்தார், அவரும் போனார். பிறகு இராஜாங்க அமைச்சர் என்று பேரை மாற்றினார்கள். மற்ற ஆண்கள் கிரிக்கெட்காரரின் ஓட்டங்களைச் சொல்வதுபோல, யாருக்குப் பின் யார் அந்தக் கதிரையில் குந்தினார்கள் என்பதைக் கிளறன்ஸ் நித்திரையிலும் சொல்லுவார். தேநீர் தந்தவர் இறந்த செய்தி வந்த நாளில், "இனியாவது கதைப்பமே?" என்று டோறின் கேட்டாள்.

"ஆள்தான் போச்சுது. கதிரை இருக்குத்தானே," என்றார்.

நியூசிலாந்திலும் பாதுகாப்புக்கு ஒரு துணை அமைச்சர் இருக்கிறார் என்று தொலைக்காட்சியில் பார்த்தபோது எழும்பி அதை அணைத்துவிட்டார். அவருக்கு இங்கே அப்படியான வேலை இல்லையப்பா என்று இவோன் தலைகீழாக நின்று விளங்கப்படுத்தினாள். "எல்லாம் ஒரே கூட்டம், ஒண்டோட ஒண்டு தொடர்பு வச்சிருப்பினம்," என்று சொல்லிவிட்டுக் கிளறன்ஸ் திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். அவரைப் பார்த்துச் சிரித்த டோறினுக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

அறிவித்தல் இவோனின் பேரோடு மட்டும் போனது.

கோயிலில் அடக்கத் திருப்பலி முடிந்ததும் செல்வரத்தினம் அதையே வாசிக்க எழும்பினார். கிளறன்ஸோடு கிடங்கில் வேலை செய்த மனிதர், வெண்கலக் குரல். டோறின் முன் வாங்கில், ஓர் ஓரமாக இருந்தாள். எழுத்தில் பார்க்கும்போது தாங்க முடிந்தது. காதால் கேட்பது வேறாக இருந்தது.

"இவோனின் பாசமிகு தந்தையும், காலஞ்சென்ற மரியநாயகத்தின் அன்பு மைத்துனரும்…"

அவ்வளவுதான். மூச்சு விடும் நேரத்துக்குள் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். இனி இந்த இடம் வராது. கிளறன்ஸ் அவனுக்குத் தகப்பன் இல்லாமலே மண்ணுக்குள் போகப்போகிறார். எழும்பியது தான்தான் என்பது, கோயில் முழுவதும் தன்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் டோறினுக்கு உறைத்தது.

"செல்வரத்தினம், சுலக்ஷன்," என்றாள்.

"ஆரக்கா அது?"

"என்ர மகன். மூத்தவன்."

செல்வரத்தினம் தாளைப் பார்த்தார், இவோனைப் பார்த்தார். இவோன் வாயைப் பொத்திக்கொண்டு ஓம் என்று தலையை ஆட்டினாள். அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா… காலஞ்சென்ற எண்டு சொல்லட்டோ?"

கையில் ஒண்டுமில்லை, கையில் ஒண்டுமில்லை என்று யாரோ காதுக்குள் மென்மையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஐயோ, கொன்றுவிட்டேனா பிள்ளையை?

"பேரை மட்டும் வாசியுங்கோ," என்றாள்.

"சுலக்ஷன், இவோன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்," என்று அந்த வெண்கலக் குரல் மறுபடி வாசித்தது. பேர் கூரையில் பட்டு, சுவரில் பட்டு, கோயிலெல்லாம் சுற்றியது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. வாங்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள்.

பின்னால் கோயில் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. யாரோ பிந்தி வந்திருந்தார்கள். சப்பாத்துச் சத்தம் நடுவழியில் மெல்ல மெல்ல முன்னால் வந்தது. கதிரையின் ஆளோ, பிள்ளையோ, டோறின் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓர் ஆள் இருக்கிற அளவுக்குத் தள்ளி இருந்தாள்.