தண்டலின் கத்தி

மாதா கோயில் மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். கிருபை மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை வீசினான். சரக்! ஒரு காம்பு. சரக்! இன்னொன்று. ஊதாவும் வெள்ளையும் ரோஸுமாகப் பூக்கள் அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடியில் விழுந்துகொண்டே இருந்தன. தோணியில் கயிறு அறுக்கிற கத்தி அது. இத்தனை நாள் வெட்டியும் மழுங்காதது அவனுக்கே ஆச்சரியம்.

சொந்த வீட்டுப் புறவாசலில் திருடுவதால் நாய்கூடக் குரைக்கவில்லை.

கிருபை, கொழும்புக்குப் பாய் விரித்துப் போகும் தோணியில் தண்டல். அவன் சொன்னால்தான் பாய் ஏறும், இறங்கும். அவன் மனைவி பிளாரன்ஸுக்கு அந்தத் தோணியைக் கண்டாலே ஆகாது. போன வருஷப் புயலில் அது நாலு நாள் தாமதமாகக் கரை சேர்ந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. புதுத் துறைமுகத்தில் மோட்டார் லாஞ்ச் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், போய்ச் சேருங்கள் என்று.

ஐப்பசியில்தான் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டுச் சீனித்தாய் இலங்கையில் நுவரெலியா மலையில் துரை பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தவள். ஊர் திரும்பும்போது முந்தானையில் முடிந்துகொண்டு வந்த ஸ்வீட்பீ பூச்செடி விதையில் ஒரு பிடியைப் பிளாரன்ஸுக்குக் கொடுத்தாள். பட்டாணி மாதிரி இருந்த அதைப் பார்த்துக் கிருபை விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏளா, குளிர்நாட்டுப் பூ இந்த உப்புத் தண்ணியில பூக்குமாக்கும்? பூத்து, இங்கிலீசு வருசப் பிறப்பன்னைக்கு ஒரு கொத்து மாதா பாதத்துல நீ வச்சிட்டா, அன்னைக்கே தோணிய விட்டு இறங்குதேன். மாதா மேல சத்தியம்!"

மாதா மேல் சத்தியம் செய்து மீறிய தண்டலின் தோணியில் கால் வைக்கக் கடற்கரையில் ஒருத்தன் கிடையாது.

பிளாரன்ஸ் குழாயடியிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்தாள். ஓலைத் தடுப்புக் கட்டி வெயிலை மறித்தாள். கொடி கயிற்றைப் பற்றி ஏறியது. மார்கழி பிறந்ததும் பூத்தது.

அன்றே களவும் தொடங்கியது.

செடியையே பிடுங்கி எறிந்திருக்கலாம். அவள் இடுப்பில் சுமந்த குடங்களை நினைத்தால் கை வரவில்லை. பூவை மட்டும் வெட்டினான். விடியுமுன் கொண்டுபோய் அலையில் வீசினான். சரக்குக்காகக் காத்துக் கிடந்த தோணியில் அவன் கூட்டாளி மாசானம் மோப்பம் பிடித்தான்.

"அண்ணாச்சி மேல என்ன இப்படி மணக்கு? மதினி சென்ட் அடிச்சு அனுப்புதாவளோ?"

"போலே, கருவாட்டு மூக்கா! தண்ணிய இறைச்சு ஊத்துலே."

வீட்டிலோ பிளாரன்ஸின் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"ஏ சீனித்தாய்! ஒங்க ஆட்டைக் கட்டிப்போடக் கூடாதா? ஒரு பூ மிச்சமில்லையே!"

"எங்க ஆடு கத்தி வச்சுக்கிட்டா மேயுது?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. கிருபைக்குக் கஞ்சி புரையேறியது.

ஒன்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. வெட்டிய இடத்திலெல்லாம் மறுநாள் இரட்டையாக வந்து நின்றது. இன்று வருஷப் பிறப்பு. கட்டிய கயிறே தெரியாமல் பூ. மடி நிறைந்துவிட்டது, கொடியில் பாதிகூடக் குறையவில்லை.

மணி அடித்தது.

"போதும். மடியில இருக்கதை இதுல போடுங்க."

திரும்பினான். கோயிலுக்கு உடுத்தி, வெண்கலச் சொம்போடு பிளாரன்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏளா... ஆடு..."

"ஆடுதான். மீசை வச்ச ஆடு."

வேலிக்கு அப்பால் சீனித்தாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பூவை வெட்டாம விட்டா காய் புடிச்சிரும் அண்ணாச்சி. காய் புடிச்சா செடி பூக்கதை நிறுத்திப்போடும். தெனமும் வெட்டணும். பங்களாவுல எனக்கு அதான் வேலை."

கிருபை மடியை அவிழ்த்தான். சொம்பு நிறைந்து வழிந்தது. தூரத்தில் அவன் தோணியின் பாய்மரம் கோடாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் கேட்டான்:

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

பிளாரன்ஸ் ஒரு காம்பை எடுத்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தாள். சாய்வாக, சுத்தமாக இருந்தது.

"மொத நாளே. கத்தி மழுங்கல், காம்பெல்லாம் நசுங்கிக் கெடந்துச்சு. அன்னையிலேர்ந்து அதத் தீட்டித் தீட்டி வச்சது யாருன்னு நெனச்சிய?"