மாடி வீட்டுப் பாடத்திட்டம்

என் ஓரகத்தி மாடியில் இருக்கிறாள், கீழே நாங்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் ஆரம்பித்தவள் நான். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

போன மாதம் அவள் ஏஐயிடம் கேட்டுப் பாடத்திட்டம் போட ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் கதவில் கலர் கலராக அட்டவணை. ஒன்பது மணிக்குப் பின்னம், பத்தரைக்கு விதை முளைப்பது. என் வகுப்போ சமையல் மேடையில், காய் நறுக்கிக்கொண்டே நடக்கும். கேரட் இருக்கிற அன்றைக்குப் பின்னம்.

எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அதிலும் இன்று காலை என் மகள், "அம்மா, திங்கக்கிழமைலேருந்து சித்திகிட்டயே படிக்கட்டுமா? அங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றாள். பெற்ற பிள்ளையையும் அவளுக்கே தாரை வார்ப்பதா?

அவளுடையதைத் தூக்கிச் சாப்பிடுகிற திட்டம் ஒன்றைப் போட்டே தீர்வதென்று கணவரின் லேப்டாப்பைத் திறந்தேன். அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கும் ஏஐயில் ஒரே கணக்கு என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் கேட்டதெல்லாம் வரிசையாகக் கிடந்தது. மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"அக்கா கேரட்ட நறுக்கிகிட்டே பின்னம் சொல்லித் தராங்க. அவங்க பொண்ணு சிரிச்சுகிட்டே கத்துக்குது. என் பையன் அட்டவணையப் பாத்தாலே கொட்டாவி விடறான். என்ன செய்ய?"

இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு இனித்தது. 'அக்காவிடமே ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்கலாமே' என்றிருந்தது ஏஐ. அதற்கு அவள் பதில்: "கேட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குக் கீழேயே தட்டினேன்: "கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்." என்னை அவள் என்றே நினைத்து, 'நல்ல முடிவு' என்று பாராட்டியது அது.

கால் மணி நேரத்தில் அவள் படியிறங்கி வந்தாள். முகம் கன்றியிருந்தது.

"எல்லாத்தையும் படிச்சீங்களா அக்கா?"

"ரெண்டு தடவ."

மாடிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவன அனுப்பவா?"

"அனுப்பு. என் பொண்ணும் அங்க வரேங்கறா." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. "பாதி நாள்தான்."

"பாதி நாள்தான் அக்கா" என்றாள் அவசரமாக. படியேறப் போனவள் திரும்பினாள்.

"அவன ரொம்பவும் சிரிக்க வச்சிடாதீங்க."