நாலாம் பக்கத்து எருமை

"எட்டாவதோட நின்னவளுக்குப் பீரோச் சாவி எதுக்கு, அம்மணி?" என்று தலைமையாசிரியை அன்புச்செல்வி ஒருமுறை என்னிடம் கேட்டார். தூசி துடைக்க என்றேன். கண்ணாடிக்கு வெளியே துடைத்தால் போதும் என்றார்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. காலையில் உப்புமா கிண்டுவதும் வகுப்பறை கூட்டுவதும் என் வேலை. மில் முதலாளி சுந்தரராஜுலு கொடுத்த கதைப் புத்தகங்கள், பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அட்டைப் படங்களைப் பார்ப்பார்கள். அந்த மூக்குத் தடங்களைத்தான் நான் துடைப்பேன்.

முதலாளி வருகிறார் என்று தகவல் வந்ததும் பள்ளிக்கு வாசிப்பின் மேல் திடீர் அன்பு பிறந்தது. விழாவுக்கு 'இன்ப வாசிப்பு' என்று பெயர். சில பிள்ளைகளைப் பொறுக்கி, ஆளுக்கொரு புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் கொடுத்தார்கள். அதை மனப்பாடம் செய்து சிரித்த முகத்தோடு ஒப்பிக்க வேண்டும்.

"இன்பமாப் படிக்கோணும். ஆராச்சும் மூஞ்சிய உம்முன்னு வெச்சீங்க, தோலை உரிச்சுப்போடுவேன்" என்றார் அன்புச்செல்வி.

மூன்றாம் வகுப்பு சித்திகாவுக்கு வந்தது, டவுன் பஸ்ஸில் ஏறிய எருமையின் கதை. அதில் நாலாம் பக்கம்.

"ஏனுங்க கண்டக்டர், எனக்கு அரை டிக்கெட்டுங்களா, முழு டிக்கெட்டுங்களா?" என்று எருமைக் குரலிலேயே படித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எருமை ஏனுங்கன்னு சொல்லாது. 'நடத்துநர் அவர்களே'ன்னுதான் போட்டிருக்குது. அப்படியே படி" என்றார் அன்புச்செல்வி.

அப்படியே படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைப்பதோடு பக்கம் முடிந்தது.

"அப்புறம் எருமைய எறக்கி உட்டுட்டாங்களா டீச்சர்?"

"உனக்கு நாலாம் பக்கம் மட்டுந்தான்."

புத்தகம் பீரோவுக்குள் போய்விட்டது. ஒத்திகை நடந்த நாளெல்லாம் அந்தக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், ஊதவே இல்லை. அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உப்புமா அடிப்பிடித்தது.

விழாவன்று சுந்தரராஜுலு மாலையோடு உட்கார்ந்து, பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "புஸ்தகம் படிச்சா என்ன கண்ணுகளா கெடைக்கும்?" என்று கேட்டார்.

"இன்பமுங்க ஐயா!" ஒத்திகையில் சொன்னதுபோல ஒரே குரல். ஒன்றாம் வகுப்பு ரித்திகா மட்டும் பிந்திப்போய், "பிஸ்கட்டுங்க" என்றாள்.

அடுத்தது போட்டோ. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். ரித்திகாவின் புத்தகம் தலைகீழாக இருந்தது, அதனால் பாதகமில்லை. போட்டோக்காரர் பாலுசாமிதான் தயங்கினார்.

"ஏனுங் டீச்சர், அந்தப் புள்ள மட்டும் சிரிக்க மாட்டீங்குதுங்க."

சித்திகா பக்கத்தைத் திருப்பியிருந்தாள். புருவம் நெறித்து, வாய் லேசாக அசைய, வரிக்கு மேல் விரல் ஊர்ந்தது.

"பாப்பா, இங்க பாரு. புஸ்தகம் புடிக்கலையா?" என்றார் முதலாளி. அவள் காதில் விழவில்லை.

"இதுக்குப் படிக்கிறதுல ஆர்வமே இல்லீங்க ஐயா" என்று அன்புச்செல்வி குழைந்தார். அவளிடம் திரும்பி, "போட்டோவையே கெடுத்துப்போட்டியே! எந்திரிச்சு வெளிய போ" என்றார்.

அவள் எழுந்தாள். கண்ணை எடுக்காமல், புத்தகத்தோடு, வாசற்படியில் தடுக்கிக்கொண்டு போனாள். புத்தகத்தை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. போட்டோ பிரமாதமாக வந்தது.

கார் போனதும் சாவி என் கைக்கு வந்தது. "அடுக்கிப் பூட்டு. எல்லாம் இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றேன். இருந்தவற்றை இடைவெளி தெரியாமல் சாய்த்து வைத்துப் பூட்டினேன்.

அடுப்படிப் பின்புறம், கவிழ்த்து வைத்திருந்த உப்புமா அண்டாவின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் சித்திகா. பாலுசாமி அதற்குள் போய்விட்டிருந்தார்.

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள் நான். அன்று கேட்டுவிட்டேன்.

"கண்ணு, எருமைய எறக்கி உட்டுட்டாங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். புத்தகத்தை மூடிப் பைக்குள் தள்ளி, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.