மேனேஜரிடம் சொன்னது

என் மனைவி வேறு ஊருக்குப் போகப் போகிறாள் என்ற செய்தி முதலில் எங்கள் வீட்டுப் பூனைக்குத்தான் தெரிந்தது. அடுத்ததாக எனக்கு. ஆனால் எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுச் சட்டப்படி செல்லாது. சிக்கலே அதுதான்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் தூது போக ஒரு ஆள் வேண்டுமே என்று அந்தப் பொறுப்பை மேனேஜரிடம் கொடுத்திருந்தோம். மேனேஜர் ஒரு சாம்பல் நிறக் கிழட்டுப் பூனை. தானாக ஒரு வேலையும் செய்யாது. யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்பதுபோலப் பார்க்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

"மேனேஜர், உங்கப்பாகிட்ட சொல்லு, ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா அது காயாது, கட்டில்தான் நனையும்னு."

"மேனேஜர், உங்கம்மாகிட்ட சொல்லு, அது என் துண்டே இல்லைன்னு."

மேனேஜர் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு காலை நக்கிக்கொண்டிருக்கும். இருந்தாலும் எட்டு வருடத்தில் ஒரு செய்தியும் வழியில் தொலைந்ததில்லை.

போன வெயில் காலத்தில் இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பூனைகள் இரண்டும் தரையில் பிழிந்து போட்ட துணிபோலக் கிடந்த ஒரு பிற்பகல். இரண்டு என்றேன் அல்லவா, இரண்டாவது பொட்டலம். நான் சோபா தைக்கிறவன். கடையிலிருந்து வந்த பஞ்சு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே சுருண்டு கிடந்தது, கறுப்பு வெள்ளையில் கை அகலத்துக்கு. திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் சோபாவுக்கு நல்ல காலம் முடிந்தது. ஊரார் சோபாவையெல்லாம் மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்து அனுப்புகிறவன் வீட்டில், முதுகு கிழிந்து பஞ்சு பிதுங்க ஒரு சோபா மூன்று வருடமாக நின்றது. "அடுத்த வாரம் தைச்சிடறேன்" என்பேன். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று அவள் கேட்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பிற்பகலில் சண்டை எதுவும் இல்லை. அவள் மேனேஜரின் வயிற்றைத் தடவிக்கொண்டே, "உங்கப்பாவைப் பாரு. உன்னைவிடப் பெரிய தொப்பை. நீயாவது வயசான ஆளு" என்றாள்.

"தொப்பை இல்ல அது. உக்காந்து செய்யற வேலை" என்றேன்.

"உங்ககிட்ட யார் பேசினா? நான் பூனைகிட்ட பேசிட்டிருக்கேன். ரெண்டு பேர் பேசிக்கிறதை ஒட்டுக் கேக்கிற பழக்கம் எப்போ வந்தது?"

நியாயம்தானே. அன்றிலிருந்து அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். 'அப்பாகிட்ட சொல்லு' என்று இருந்தால் செய்தி எனக்கு. அது இல்லையென்றால் அவளுக்கும் பூனைக்கும் இடையிலான சொந்த விஷயம். நான் கேட்டும் கேட்காதவன். இதற்கு முன் எந்தச் சட்டத்தையும் நான் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை.

மழை தொடங்கியது. இந்த இடத்தில் என் மனைவியின் வேலையைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிறவள். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிடுவாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நாள் முழுக்க ஊராருக்குக் கேட்கிறதா கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நான். அவள் தலையெழுத்தை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று நனைந்துகொண்டு வந்தாள். நான் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு உறை அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் பொடி ஆணியை வாயில்தான் வைத்துக்கொள்வோம், ஒன்று ஒன்றாக எடுத்து அடிக்க. அப்போது வாயில் ஏழு ஆணி இருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சோபாக் கைப்பிடியில் இருந்த மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்:

"மேனேஜர், குழந்தைங்களுக்குன்னு தனியா ஒரு காதுப் பிரிவு ஆரம்பிக்கிறாங்களாம். வேற ஊர்ல. ரயில்ல எட்டு மணி நேரம். என்னைப் பொறுப்பெடுத்துக்கச் சொல்றாங்க. ரெண்டு வருஷம். என்ன பண்ணட்டும்? நான் போயிட்டா நீ யார்கூட இருப்ப?"

மேனேஜர் கொட்டாவி விட்டது. அவள் பையிலிருந்து ஏதோ எடுத்துக் கைப்பிடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஆணிகளை உள்ளங்கையில் துப்பி எண்ணிப் பார்த்தேன். ஏழும் இருந்தன. விழுங்கியது ஆணியை அல்ல என்பது உறுதியானது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ குத்தியது.

எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். என்ன கேட்பது? 'அப்பாகிட்ட சொல்லு' என்று அவள் சொல்லவில்லை. அப்படியென்றால் என்னிடம் சொல்ல அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அல்லது முடிவு செய்துவிட்டாள், பூனையை யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும்தான் பாக்கி. சொல்லும்போது சொல்லட்டும் என்று மறுபடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பாள், நான் கேட்கப் போகிறேன் என்பதுபோல. நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் சொல்லப் போகிறாள் என்பதுபோல. நடுவில் பொட்டலம் தட்டில் கையை விடும். இருவரும் சேர்ந்து பொட்டலத்தைத் திட்டுவோம். அன்றைய பேச்சுவார்த்தை அதோடு முடியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்யும் என் அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"அவ உன்கிட்ட சொன்னாளாடா?"

"மேனேஜர்கிட்ட சொன்னா."

"எந்த மேனேஜர்?"

"பூனை."

"போனைப் பூனைகிட்ட குடு. அந்த வீட்ல விவரமான ஆளு அது ஒண்ணுதான் போல" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

குளிர் வந்தது. குளிர் காலத்தில் எங்கள் கட்டிலின் நிர்வாகம் பூனைகள் கைக்குப் போய்விடும். நடுவில் மேனேஜர், கால்மாட்டில் பொட்டலம். மீதி இடம் எங்களுக்கு. மற்ற வருடங்களில் போர்வைக்காகச் சண்டை போடுவோம், தூது விடுவோம். இந்த வருடம் அவள் போர்வையைத் தானாகவே என் பக்கம் இழுத்துவிட்டாள். நான் மறுபடி அவள் பக்கம் தள்ளினேன். இவ்வளவு மரியாதையாக நாங்கள் இருந்ததே இல்லை. மேனேஜரிடம்கூட ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. வேலை இல்லாத மேனேஜர் இளைக்கத் தொடங்கியது. அப்படி எனக்குத் தோன்றியது. எடை போட்டுப் பார்த்ததில் கூடியிருந்தது.

குளிர் விடும் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அவள் வேலைக்குப் போன பிறகு எங்கள் சோபாவைக் கையில் எடுத்தேன். திடீர் ஞானோதயம் எதுவும் இல்லை. போகிறவள் ஒருநாளாவது நல்ல சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான். அவளுக்குப் பிடித்த பச்சையில் துணி எடுத்துவைத்தே ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலில் இருக்கையை மாற்றி உறை போட்டேன். பிறகு கிழிந்த முதுகைப் பிரித்தேன்.

உள்ளே ஒரு குடும்பமே நடந்திருந்தது. நாலு பாட்டில் மூடி, ஒற்றைக் காலுறை, என் இஞ்ச் டேப், நான்தான் தொலைத்தேன் என்று மூன்று மாதம் பேச்சு வாங்கிய கம்மல். எல்லாவற்றுக்கும் அடியில், பல் பட்டுக் கசங்கிய ஒரு தாள். பொட்டலம் காகிதம் கண்டால் கவ்விக்கொண்டு போய் மறைத்துவைக்கிற ஜாதி.

ஆஸ்பத்திரித் தாள் அது. புதுப் பிரிவில் சேரச் சம்மதமா என்று கேட்டு, பதிலை அனுப்பக் கடைசி நாளும் போட்டிருந்தது. அதே வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கீழே, தரப்போகும் வீட்டில் உடன் தங்குபவர்கள் யார் யார் என்று ஒரு கட்டம். அதில் அவள் கையெழுத்து, பென்சிலில்:

'கணவர்?'

அடுத்த வரியில்: 'பூனை இரண்டு. ஒன்று வயதானது, படி ஏறாது.'

பூனைகளுக்குக் கேள்விக்குறி இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அன்று மழையில் வந்தவள் பையிலிருந்து எடுத்துவைத்தது இதைத்தான். பூனையிடம் சொன்னது வெறும் தொண்டைக் கனைப்பு. உண்மையான செய்தி கைப்பிடியில், என் கண்ணுக்கு நேராக இருந்திருக்கிறது. நான் ஆணி எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பொட்டலம் அதைக் கிழிசல் வழியாக உள்ளே கொண்டுபோயிருக்கிறது. சொன்ன வாரம் அந்தக் கிழிசலைத் தைத்திருந்தால் தாள் உள்ளே போயிருக்காது.

மணி இரண்டரை. சட்டையெல்லாம் பஞ்சோடு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவு வாசலில் டோக்கன் கொடுக்கிற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் காது?"

"உள்ள காது சோதிக்கிறவங்களைப் பார்க்கணும். நான் அவங்க வீட்டுக்காரர்."

"அவங்க வீட்டுக்காரருக்கும் டோக்கன்தாங்க. எந்தக் காது?"

"ரெண்டும்."

பதினேழாம் நம்பர். நாலரைக்குக் கூப்பிட்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள், சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள், அறைக் கதவைத் திறந்துவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் ஹெட்போன் தலையில் ஏறிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். கீச் என்று ஒரு சத்தம், அமுக்கினேன். அதைவிடச் சின்னதாக ஒன்று, அமுக்கினேன். எறும்பு தும்மினது மாதிரி ஒன்று, அதையும் அமுக்கினேன். கண்ணாடி வழியாக அவள் முகத்தில் ஒரு கோபம் ஏறுவது தெரிந்தது. காது இவ்வளவு நன்றாக இருக்கிறவனை மன்னிப்பது கஷ்டம்தான்.

பிறகு அவள் குரல் வந்தது. "இனிமே நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும். மரம்."

"மரம்."

"கதவு."

"கதவு."

"பூனை."

"பூனை."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் ஒன்றும் கேட்காதது என்றால் நம் ரத்தம் ஓடுவது கேட்கும்.

"வருவீங்களா" என்றது குரல்.

"வருவேன்."

"திருப்பிச் சொல்லத்தான் சொன்னேன். பதில் யார் கேட்டா?"

பைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தேன். பல் தடமெல்லாம் தெரிந்தது. "சோபாக்குள்ள இருந்தது. பொட்டலம். இன்னிக்குத்தான் பார்த்தேன். சத்தியமா."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"படிச்சிட்டு எடுத்து ஒளிச்சு வெச்சிட்டீங்கன்னு நெனைச்சேன்" என்றாள் ஹெட்போனுக்குள். "நாலு மாசமா, கேட்டா சண்டை வரும்னு கேக்கலை."

"நீ என்னை விட்டுட்டுப் போறேன்னு நான் நெனைச்சேன். நாலு மாசமா, கேட்டா போயிடுவியோன்னு கேக்கலை."

"வேற தாள் வாங்கி 'வர இயலாது'ன்னு எழுதி வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்குக் குடுக்கணும். கையெழுத்துதான் பாக்கி."

"உன் வேலை அது. எதுக்கு விடற?"

"அப்போ உங்க வேலை?"

"எல்லா ஊர்லயும் ஜனங்க உக்காரத்தானே செய்யறாங்க."

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. வெளியே டோக்கன் அம்மாள் கதவைத் தட்டி, "பதினெட்டு வெயிட்டிங்" என்றார். என் மனைவி அறைக் கதவைத் திறந்து, கசங்கிய தாளை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்து நீவிவிட்டு, 'சம்மதம்' என்று பேனாவால் எழுதினாள். பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் அழித்தாள். அது சரியாக அழியவில்லை, சாம்பல் நிறமாகக் கொஞ்சம் இருந்தது. இருக்கட்டும், என் யோக்கியதைக்கு அவ்வளவு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதை அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கியவர் பல் தடத்தைப் பார்த்து, "எலிங்களா?" என்றார். "பூனை" என்றோம் இருவரும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது, முதுகு இன்னும் திறந்தே கிடந்த சோபாவின் பச்சை இருக்கையில் போய் உட்கார்ந்ததுதான். கையால் தடவிப் பார்த்தாள். "பாதிதான் முடிஞ்சிருக்கு" என்றாள்.

"அடுத்த வாரம் தைச்சிடறேன்."

அவள் பார்த்த பார்வையில் நான் ஊசியை எடுத்துக்கொண்டு முதுகுப் பக்கம் உட்கார்ந்தேன். மேனேஜர் மெல்ல ஏறி வந்து, புது உறையை முகர்ந்து ஆராய்ந்துவிட்டு, அவள் மடியில் படுத்தது.

"மேனேஜர்" என்றாள் அதன் காதைத் தேய்த்துக்கொண்டே, "புது ஊர்ல வீடு நாலாவது மாடின்னா என்ன பண்ணுவ நீ? உனக்குத்தான் படி ஏற வராதே."

'அப்பாகிட்ட சொல்லு' என்று சொல்லவில்லை. சட்டப்படி அது அவர்கள் இருவருக்குள் நடக்கும் பேச்சு. நான் வாயிலிருந்த நூலை எடுத்தேன்.

"நான் தூக்கிட்டு ஏறுவேன்."

"உங்ககிட்ட யார்…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "நாலு மாடி. உங்களுக்கு மூச்சு வாங்கும்" என்றாள்.

"தொப்பை குறையும்."

"அது தொப்பை இல்லைன்னு சொன்னதா ஞாபகம்."

மேனேஜர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. இனி இங்கே தனக்கு வேலையில்லை என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். மடியிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, பச்சை உறையின் மூலையில் இரண்டு முன்னங்காலையும் அழுத்தி ஊன்றி, டர்ரென்று ஒரு கோடு கிழித்தது.