அவர் பக்கம் பார்த்த கியர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. நான் பேருந்தில் ஜன்னலோரம். கீழே, தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுகிறவர் பக்கத்தைக் கூரை மறைத்தது. பக்கத்து இருக்கையில் ஒருவர் மட்டும் தெரிந்தார். கியர் கம்பியின் தலையில் இருக்கும் உருண்டை, பழைய கியர் நாப் ஒன்றை மடியில் வைத்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். பச்சை விழுந்தது, போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் கோபித்துக்கொள்வீர்கள்.

2

"அந்தச் சிவப்புக் கார் புயலாகப்..."

வேண்டாம். இந்தக் கார் எங்கும் பாயாது. ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும்.

"மனைவியை இழந்தவர்களுக்கு உலகம் ஒரு..."

சே, உலகத்தை இழுத்தால் கதை தூங்கிவிடும். நேராகவே வருகிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கார் அவருடைய மூத்த மனைவியுடையது. அவள்தான் ஓட்டுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மாற்றுவார். அவள் இறந்தபிறகு கார் நின்றுபோயிற்று. அப்புறம் இரண்டாவதாக ஒருத்தி வந்தாள். பல் செட் செய்கிற இடத்தில் வேலை. அச்சில் மயிரிழை பிசகினாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் அவரே சொன்னார்: "சும்மாதானே நிக்குது. நீ ஓட்டேன்."

ஆசையாக ஏறி உட்கார்ந்தாள். கியரில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். தோல் போர்த்திய அந்த உருண்டையில், கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. அது அவளுடைய விரலின் அளவில்லை.

"என்னம்மா?"

"அக்கா கையைப் பிடிச்ச மாதிரி இருக்குங்க."

(அக்காவை அவள் பார்த்ததே இல்லை. படத்தில்தான் பழக்கம். இருந்தாலும் அக்கா அக்காதானே.)

அவள் இறங்கியதும் அவர் உறையை இழுத்துப் போர்த்தினார். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அடுப்படி அவளுடையதாகிவிட்டது, அலமாரியில் பாதியும் ஆகிவிட்டது. இந்தக் காரில் இடம் கிடைக்காதவரை தான் இந்த வீட்டுக்கு விருந்தாளிதான் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டு அதைக் கேட்கவும் முடியவில்லை.

3

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் பழைய நாப்பைக் கழற்றுவாரா? முதலில் எழுதியபோது அவளே யாருக்கும் தெரியாமல் கழற்றினாள். படித்துப் பார்த்தேன், திருட்டுத்தனமாக இருந்தது. அடித்துவிட்டேன். அவரே செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. கூரை ஓட்டைகள் வழியாக ஷெட்டுக்குள் வெயில் இறங்கியிருந்தது. அதில் தூசி மிதந்தது. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல எல்லாமே மெதுவாக இருந்தது. உறை பாதி விலகிய கார், அப்போதுதான் விழித்துப் புரண்டு படுத்த மாதிரி கிடந்தது.

அவள் தேடிக்கொண்டு வந்தபோது, பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து வைத்துத் தரையில் மண்டி போட்டு, ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பை புடைத்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"வந்து பாரேன். உனக்குத்தான், புதுசு! கம்பியோட மரை சேரலை, நடுவுல ஒரு குட்டி அடாப்டர் போட்டேன். திருகத் திருகச் சுத்திக்கிட்டே போச்சு. நம்பர் நேரா வந்த இடத்துல நிறுத்தி, அடியில நட்டை இறுக்கிட்டேன். எப்படி?"

எஃகு உருண்டை. எந்தக் கையும் தேய்க்காத வழவழப்பு. அவள் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். உச்சியில் செதுக்கிய கியர் எண்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன.

"என்னங்க, கோணலா இருக்கே."

"கோணலா? நேராத்தானே வச்சேன்!"

"உங்க பக்கம் பாத்துல்ல நிக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறவர்! முகம் தொங்கிப்போயிற்று.

"நான் எப்பவும் இந்தப் பக்கத்துலேருந்துதானே பாத்திருக்கேன். அவ சீட்ல உக்காந்து மாட்டலாம்னு போனேன். முடியலம்மா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முடியாத மனிதர்தான் இவ்வளவையும் செய்திருக்கிறார்.

"பழசு எங்க?"

அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

"அங்க வேணாம், பை கிழிஞ்சிடும். மடியில வச்சுக்கோங்க. ஏறுங்க."

4

(இத்தனை நாள் நின்ற கார் கிளம்புமா என்பீர்கள். பேட்டரியை முந்தின நாளே மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

முடிவு ஒன்று: அவள் நட்டைத் தளர்த்தி எண்களைத் தன் பக்கம் திருப்புகிறாள். சரியான முடிவு. மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: "பழசையே மாட்டுங்க" என்று கண்ணீரோடு அவள்... ஐயோ, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முடிவு மூன்று: கோணலாகவே இருக்கட்டும், அவர் எண்ணைப் படித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறாள். எனக்கு இதில்தான் ஆசை. ஆனால் ஓட்டத் தெரியாதவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஸ்பேனர் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது. என்ஜின் உறுமுகிறது. பின்னால் உட்கார்ந்து என்னதான் நடக்கிறதென்று பார்க்கலாம் என்றால், இந்தக் காரில் பின் இருக்கையே கிடையாது. இரண்டே பேருக்குத்தான் இடம். அக்காவே அவர் மடியில்தான் வருகிறாள். நீங்களும் நானும் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஷெட் கதவை நான் பிடித்துக்கொள்கிறேன். அந்த உறை உங்கள் காலடியில் கிடக்கிறது, எடுங்கள். மடித்து வைப்பதா, தூக்கிப் போடுவதா என்பது உங்கள் இஷ்டம்.