ஓலையில் ஏறிய பெயர்

1984ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கண்டி நகரத்துத் திரையரங்கு ஒன்றின் இயந்திர அறையிலிருந்து, யோகேந்திரன் ஒரே தலைமறைவுக் காதலனுக்கு நாளொன்றுக்கு மூன்று தடவை கலியாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தான்.

ஹிந்தியில் வெற்றி கண்ட கதையொன்றைத் தமிழில் மறுபடி எடுத்திருந்தார்கள். பொலிசாருக்குத் தப்பியோடும் நாயகன் ஊருக்கு ஒரு பெயரும் பாட்டுக்கு ஒரு கோட்டுமாக வலம் வருவான். ஹிந்தியில் கடைசியில் அவன் சுடப்பட்டு இறப்பதாகச் சொன்னார்கள். தமிழில் எடுத்தவர்கள் மனமிரங்கி, பொய்ப் பெயரிலேயே அவனைத் தாலி கட்டவைத்து, அதன் பின்னர் உண்மையைச் சொல்லவைத்திருந்தார்கள். நாயகி சிரித்தபடியே அவன் மார்பில் சாய்வாள். கலரியில் விசில் பறக்கும்.

அந்தக் காட்சி யோகேந்திரனுக்கு மருந்துபோல இருந்தது. ஏனெனில் கண்டியில் அவனை எவரும் யோகேந்திரன் என்று அறியமாட்டார்கள். எல்லோருக்கும் அவன் நடராஜா.

முந்திய ஆண்டு அவன் கொழும்பில் ஒரு திரையரங்கில் படம் ஓட்டுபவனாக இருந்தான். அங்கே ஒரு படத்தின் இரண்டு றீல்கள் காணாமற்போயின. முதலாளி அவன்மீது முறைப்பாடு செய்தார். பிணையில் வெளியே வந்தவனுக்கு யூலை 28ஆம் திகதி வழக்கு. அந்தக் கிழமைதான் இனக்கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அவனுடைய அறையும் அடையாள அட்டையும் சாம்பலாயின. நீதிமன்றத்தில் அவனுடைய பெயர் கூப்பிடப்பட்ட நேரத்தில் அவன் ஒரு பாடசாலை அகதி முகாமில் கஞ்சி வரிசையில் நின்றான். சமுகமளிக்காதவனுக்குப் பிடியாணை பிறந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறுவோரின் பெயர்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பயந்து, மலைநாட்டுப் பக்கம் வந்துவிட்டான்.

கண்டித் திரையரங்கின் மனேஜர் ஸெய்னுலாப்தீன் அவனுடைய கதை முழுவதையும் கேட்ட பின்னரே வேலை கொடுத்தார். இந்தியாவுக்குப் போய்விட்ட பழைய ஒப்பரேற்றர் நடராஜாவின் பெயரைச் சம்பளத் தாளில் வெட்டாமல் விட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. மிகுதியை ஊர் செய்தது.

றீற்றாவும் அந்தப் பெயரைத்தான் முதலில் கேட்டாள். கண்டித் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த அவள், சனிக்கிழமைகளில் நாவலப்பிட்டியிலுள்ள தகப்பனாரிடம் ரயிலில் போய்வருவாள். ஓடி முடிந்த படமொன்றை நாவலப்பிட்டி அரங்குக்கு எடுத்துச் சென்ற யோகேந்திரன், றீல்கள் அடங்கிய ஏழு தகரப் பெட்டிகளோடு ஆசனங்களின் நடுவே தடுமாறி நின்றான். அவள் கால்களை ஒதுக்கி, இரண்டு பெட்டிகளைத் தன் ஆசனத்தின் கீழே தள்ளச் சொன்னாள். அவன் பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில் நான்கு தடவை நன்றி சொன்னதாக அவள் பிற்பாடு கணக்குச் சொல்லிச் சிரித்தாள்.

எட்டு மாதங்களில் கலியாணம் நிச்சயமாயிற்று. அவன் சைவன், அவள் கத்தோலிக்கப் பெண். வேறு மதத்தவனைக் கட்ட அவளுக்கு மேற்றிராணியாரின் அனுமதியும் கிடைத்துவிட்டது. எஞ்சியது ஓலை வாசிப்பு மட்டுமே. மணமக்களின் பெயர்களை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோவிலில் எல்லோரும் கேட்க வாசித்து, தடை ஏதும் இருந்தால் அறிவிக்கும்படி கேட்பது அவர்களுடைய வழக்கம். பெயர் எழுதிக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமையும் நெருங்கிவிட்டது.

அதற்கு முந்திய கிழமை, தொலைபேசி நிலையத் தோழி சகீனாவோடு றீற்றா அந்தப் படத்தைப் பார்க்க வந்தாள். இடைவேளையில் சிரித்தவள், படம் முடிந்து இறங்கி வரும்போது சிரிக்கவில்லை.

“அந்தப் பொம்பிளைக்குத் தான் ஆரைக் கட்டினனெண்டே தெரியாது. அதுக்கு விசில் வேற” என்று, வாசலில் காத்துநின்ற யோகேந்திரனிடம் சொன்னாள்.

அன்று முதல் அந்தக் காட்சி வரும்போது அவன் திரையைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அவளை இழக்கக்கூடும். உண்மைப் பெயர் ஓலையில் ஏறினால் பொலிசும் வரக்கூடும். பொய்ப் பெயரில் கலியாணம் நடந்தால் எல்லாம் சுகமாக முடியும், அவள் எந்நாளும் இல்லாத ஒருவனின் மனைவியாக இருப்பாள் என்பதைத் தவிர. இதை அவன் மெல்ல மனேஜரிடம் சொன்னபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பேர நான் சம்பளத் தாளுக்குத்தான் தந்த, தம்பி. பொண்டாட்டிக்குச் சொல்லத் தரல்ல.”

சனிக்கிழமை நாவலப்பிட்டிப் பங்குமனையில் குருவானவர் படிவத்தை விரித்தார். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டான றீற்றாவின் தகப்பனார் தம்பிராஜா, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குருவானவர் மாப்பிள்ளையின் முழுப் பெயரைக் கேட்டார். யோகேந்திரன் படிவத்தையே பார்த்தான். அவன் கூச்சப்படுகிறான் என்று எண்ணிய றீற்றா தானே முந்திக்கொண்டாள்.

“நடராஜா, சுவாமி.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் அத்தனை நம்பிக்கை இருந்தது. அதைக் கேட்டபின் அவனால் பொறுக்க முடியவில்லை.

“இல்லை சுவாமி. யோகேந்திரன்.”

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னான்: றீல்கள், பிணை, முகாம், பிடியாணை, சம்பளத் தாள். குருவானவர் பேனையை மூடி வைத்து, தேநீருக்குச் சொல்லிவிட்டு வருவதாகக் கூறி உள்ளே போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை.

தம்பிராஜாதான் முதலில் வாய் திறந்தார்.

“எட்டு மாசமா நான் ஆரைத் தம்பி சோத்துக்குக் கூப்பிட்டனான்?”

றீற்றா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மேசைக்குப் பேசுவதுபோலப் பேசினாள்.

“படத்தில அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை.”

“தெரியும்.”

“கலியாணத்துக்குப் பிறகு சொல்லியிருந்தா இந்தக் கேள்வியையும் கேட்டிருக்க மாட்டன். முதலே சொன்னபடியாக் கேக்கிறன். அந்த றீலை நீங்கள் எடுத்தனீங்களோ?”

“இல்லை.”

“என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவன் அவளைப் பார்த்துச் சொன்னான். அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. தூரத்து அழைப்புகளில் இரைச்சலுக்குள்ளே குரலைப் பிரித்தெடுத்துப் பழகியவள் அவள்.

வழக்கு முடியட்டும், ஓலையை அதன் பின்னர் பார்க்கலாம் என்று தம்பிராஜா சொன்னார். அது நியாயமான யோசனைதான். யோகேந்திரனும் அதற்கு உடன்பட்டான். ஆனால் றீற்றா உடன்படவில்லை. தகப்பனாரின் சிநேகிதரான சட்டத்தரணி பரமநாதனைப் பிடித்து, திங்கட்கிழமையே கொழும்பு நீதிமன்றத்தில் தாங்களாக முன்னிலையாக வேண்டும் என்றாள். முதல் ஓலை அதற்கு முன்னரே வாசிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னாள்.

“நாளைக்குக் கோவில்ல ஆரும் கேட்டுப் பொலிசுக்குச் சொன்னா?” என்றான் யோகேந்திரன்.

“சொன்னாச் சொல்லட்டும். ஒரு நாள் முந்தும், அவ்வளவுதானே? கோட்டில உங்கட பேரை அவங்கள் கூப்பிட முதல், என்ர பேரோட சேத்து ஒருக்காக் கூப்பிடட்டும்.”

தம்பிராஜா மகளைப் பார்த்தார், மருமகனாக வரவிருந்தவனைப் பார்த்தார், பின்னர் உள்ளே குரல் கொடுத்து, தேநீர் ஆறிப்போகிறது, சுவாமி எழுதலாம் என்றார்.

மறுநாள் பூசையில் ஓலை வாசிக்கப்பட்டது. தம்பிராஜாவின் மகள் றீற்றாவுக்கும் யோகேந்திரனுக்கும் என்று கேட்டதும் வாங்குகளில் இருந்தவர்களிடையே சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளை நடராஜாவை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே கடைசி நேரத்தில் மாப்பிள்ளை மாற்றப்பட்டுவிட்டார் என்றே சனங்கள் முடிவு கட்டினார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது, றீற்றாவின் அயலவரான திரேசா அக்கா, தனியே நின்ற யோகேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“மனதைத் தளர விடாதேங்கோ தம்பி. ஆண்டவர் உங்களுக்கெண்டு வேற ஒருத்தியை வைச்சிருப்பார். ஆனாலும் அவளின்ர ஓலையை வாசிக்கிற நாளில நீங்கள் இஞ்ச வந்து நிண்டிருக்கக் கூடாது.”

“அக்கா, அந்த யோகேந்திரன் நான்தான்.”

திரேசா அக்கா கையை விட்டுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அருகில் நின்றவர்களும் திரும்பினார்கள். பதினொரு மாதங்களாகக் கண்ணாடியின் முன்னால்கூடச் சொல்லப் பயந்த பெயரை, அவன் கோவில் முற்றத்தில் அந்தக் காலையில் மேலும் ஆறு பேருக்குச் சொல்ல நேர்ந்தது. மூன்றாவது ஆளுக்குப் பிறகு குரல் நடுங்கவில்லை.

திங்கட்கிழமை கொழும்பு நீதிமன்றத்தில் பரமநாதன், பிடியாணையை மீளப்பெறும்படி கேட்டு மோசன் போட்டிருந்தார். முகாமாக இருந்த பாடசாலையின் அதிபர் அன்று காலையில் கொடுத்த கடிதத்தில், யூலை 26 முதல் அங்கே தங்கியிருந்தோரின் பட்டியலில் யோகேந்திரனின் பெயர் இருந்தது. வாசலில் நின்ற நீதிமன்ற ஊழியர் சிங்கள உச்சரிப்பில் அவனைக் கூப்பிட்டார். அவன் எழுந்து கூண்டுக்குப் போனான். றீற்றா பின்வரிசை வாங்கில், தொலைபேசி நிலையத்துக்குக் கொடுத்த லீவுக் கடிதத்தின் பிரதியைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தாள்.

நீதவான் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அந்தக் கிழமையில் வராதவர்கள் பலர் என்று மாத்திரம் சொன்னார். பிடியாணை மீளப்பெறப்பட்டது. ஆள் பிணைக்கு, காலையிலேயே கண்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஸெய்னுலாப்தீன் கையொப்பமிட்டார். வழக்கு இன்னும் இருந்தது. ஓகஸ்ட் மாதம் திரும்ப வர வேண்டும். முறைப்பாடு செய்த முதலாளி நாட்டை விட்டே போய்விட்டதாகவும், சாட்சி இல்லாத வழக்கு நெடுநாள் நிற்காது என்றும் பரமநாதன் படிகளில் இறங்கியவாறே நிதானமாகச் சொன்னார்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்தபோது றீற்றா கேட்டாள்.

“வீட்டில உங்களை என்னெண்டு கூப்பிடுறவை?”

“யோகன்.”

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பின்னர் பயணச்சீட்டு வரிசையில் முன்னே போய் நின்றுகொண்டு, சனத்துக்குள்ளே தொலைந்து நின்றவனை அந்தப் பெயரால் உரக்கக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.